ரூம் போட்டுத்தான் யோசிக்கணுமா பாஸ்?

‘எனக்குன்னு ஒரு ரூம் மட்டும் இருந்திருந்தா, நான் எங்கேயோ போயிருப்பேன் மச்சி!’

இந்த டயலாக்கைச் சொல்லாத ஆள் உங்க கிளாஸில் ஒருத்தராவது உண்டா? கிடார் வாசிக்கிறவர், கவிதை கிறுக்குகிறவர், குறும்பட ஸ்கிரிப்ட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவர், சால்டரிங் ராடோடு அலைகிறவர்... எல்லோருக்கும் இதே புலம்பல்தான். ராத்திரி செல்போனைத் திறந்து ‘ஹோம் ஸ்டுடியோ’ என்று தேடுவோம். வெள்ளை வெளேர் சுவர், ஜன்னலோரம் மணி பிளான்ட், சுவரில் வரிசையாக மூணு கிடார், மஞ்சள் லைட், சுழல் நாற்காலி, வெளியே மழை! பெருமூச்சு ஒண்ணு விட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். எங்கே படுப்போம்? ஹாலில்தான். டி.வி-க்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில்.

நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு நாள் எங்க கரையான்சாவடிப் பக்கம் வந்து பாருங்க. பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டிலிருந்து ஆவடி ரோடு பிரிகிற இடம். கீழே லாரி ஹாரன், தலைக்கு மேலே மெட்ரோ பாலம். சந்துக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு ‘போர்ஷன்’. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் கிச்சன். ஹாலில் அப்பாவுக்கு நியூஸ், பாட்டிக்கு சீரியல், தங்கச்சிக்கு பப்ளிக் எக்ஸாம். நடுவே குக்கர் விசில். இதெல்லாம் அடங்கினால் ஹவுஸ் ஓனர் மோட்டார் போடுவார்.

இந்த வீட்டில் ‘கிரியேட்டிவ் ஸ்பேஸ்’ எங்கே வரும்? வரும் பாஸ். ஆனால், அந்த போட்டோவில் இருக்கிற மாதிரி வராது. அதில் மணி பிளான்ட் இருக்கிறது, வீட்டுக்காரங்க ஒருத்தர்கூட இல்லை, கவனிச்சீங்களா?

காலி ரூம் கதை!

1989. கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்பக்கம் ஒரு ஸ்டுடியோ கட்டினார் 22 வயசு இளைஞர் ஒருவர். ஒன்பது வயசில் அப்பாவை இழந்தவர். அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் ஓடியது. படிப்பையும் பாதியில் விட்டாச்சு. கீபோர்டு வாசித்துச் சம்பாதித்த காசு எல்லாம் அந்த ரூமுக்கே போய்விட்டது.

ரூம் ரெடி. உள்ளே என்ன இருந்தது? ஒரு ஏ.சி., ஒரு ஷெல்ஃப், தரையில் கார்பெட். அவ்வளவுதான்! ரெக்கார்டர் இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஈக்வலைஸர் இல்லை. வாங்கக் காசில்லாமல் அந்தக் காலி ரூமுக்குள் சும்மா உட்கார்ந்திருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் அம்மா தன் நகைகளைக் கழற்றிக் கொடுக்க, அதில் வந்ததுதான் முதல் ரெக்கார்டர்.

அந்த இளைஞர் யாருன்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. ரூம் பேர் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’. அங்கே விளம்பர ஜிங்கிள்ஸ் போட்டுக்கொண்டிருந்த ஏ.ஆர்.ரஹ்மானைத் தேடி மணிரத்னம் வந்தார். 1992-ல் ‘ரோஜா’. முதல் படத்துக்கே தேசிய விருது. 2009-ல் ரெண்டு ஆஸ்கர்.

சக்சஸ் ஸ்டோரியை விடுங்க. நம்ம மேட்டருக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு, ரூம் முதலில், மெஷின் அப்புறம். நாம இதை அப்படியே தலைகீழா செய்வோம். ஈ.எம்.ஐ-யில் மைக் வாங்கிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் லாஃப்ட்டில் போட்டுவிடுவோம். ரெண்டாவது, அந்த ஸ்டுடியோவின் முதல் இன்வெஸ்டர் கரீமா பேகம் அம்மா. ‘பையன் காலி ரூமுக்குள்ளே உட்கார்ந்து என்னதான் பண்றான்?’ என்று கேட்காமல் நகையைக் கழற்றிய ஒருத்தர் அந்த வீட்டில் இருந்தார். ஏ.சி-யைவிட அது பெரிய வசதி!

அது சரி, கையில் காசே இல்லாதபோது ஏ.சி-யும் கார்பெட்டும் எதுக்கு? சொகுசுக்கா? இல்லை. ரெக்கார்டிங் ரூமில் ஜன்னலைத் திறக்க முடியாது, ஃபேனைப் போட்டால் ‘ஙொய்’ என்று மைக்கில் ஏறும். அதனால் ஏ.சி. தரையில் பட்டுத் திரும்புகிற சத்தத்தைக் குடிக்க கார்பெட். ஆக, உள்ளே இருந்த மூணு பொருளில் ரெண்டு, சத்தத்துக்காக வாங்கினவை!

கை தட்டுங்க!

பாராட்ட இல்லை, டெஸ்ட் பண்ண! ரூம் நடுவில் நின்று பலமாக ஒரே ஒரு தட்டு. ‘டப்’ என்று முடிந்துவிட்டால் நீங்க அதிர்ஷ்டசாலி. ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு வால் கூடவே வந்தால், எதிரெதிர்ச் சுவர் ரெண்டும் உங்க சத்தத்தை வைத்து டென்னிஸ் ஆடுகின்றன என்று அர்த்தம். இதில் வாய்ஸ் ஓவர் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற எஃபெக்ட்தான் கிடைக்கும்.

நம்ம ஊரில் ரூம் என்றாலே பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடி என்றால் போச்சு, பக்கா கியூப்! கொஞ்சம் ஃபிஸிக்ஸ் பேசலாமா? (ஓடாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது!) பத்தடி என்றால் 3.05 மீட்டர். சத்தத்தின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். இதை 3.05-ன் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ் வருகிறது. அதுதான் அந்த ரூமின் சொந்த சுருதி. நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணா இருப்பதால் மூணு பக்கமும் அதே 56-லேயே அதிரும். பேஸ் கிடாரின் ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ். ஸோ, மற்ற கம்பியெல்லாம் ஒழுங்காகக் கேட்கும், அந்த ஒண்ணு மட்டும் ‘பூம்ம்ம்’ என்று வீங்கும். நண்பர் தப்பா வாசிக்கிறார் என்று திட்டியிருந்தால் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துடுங்க. தப்பு கொத்தனார் மேல்!

இந்த மாதிரி அடித்தொண்டை சத்தத்தை அடக்குவது ரொம்பக் கஷ்டம். மூலையில் பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் கொஞ்சம் குறையும். ஆனால், மேலே சொன்ன ‘ட்ர்ர்ர்’ ரொம்ப சுலபம். ஒரு சுவரில் புத்தக ஷெல்ஃப், எதிர்ச் சுவரில் ஜமுக்காளமோ கம்பளியோ தொங்கினாலே பாதி வேலை முடிந்தது. உடனே எல்லோரும் ‘முட்டை அட்டை ஒட்டட்டுமா?’ என்று கேட்பீங்க. தயவுசெய்து வேண்டாம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் ‘கீச்’ சத்தம் கொஞ்சம் குறையலாம். வெளியிலிருந்து வருகிற லாரி ஹாரனை அது தடுக்கவே தடுக்காது. காகிதத்துக்கு ஏது பாஸ் அந்த வெயிட்? சத்தத்தைத் தடுக்க எடை வேணும். சுவரின் எடையை ரெண்டு மடங்காக்கினால்தான் சுமார் 6 டெசிபல் குறையும். கரப்பான்பூச்சிக்குத்தான் முட்டை அட்டையால் லாபம்.

சுவரைவிட முக்கியம் ஓட்டை. பத்துக்குப் பத்து சுவரில் ஒரே ஒரு சதுர அடி வென்டிலேட்டர் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. அந்தச் சுவர் மலை மாதிரியே இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. நூறில் ஒரு பங்கு திறந்தால் நூறில் ஒரு பங்கு சத்தம் உள்ளே வந்தே தீரும், அவ்வளவுதான் கணக்கு. அதனால் கதவுக்கடி இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைப்பது, ஆயிரக்கணக்கில் ஃபோம் வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம். ரெக்கார்டிங் முடிந்ததும் மறக்காமல் எல்லாத்தையும் திறந்துவிடுங்க. காற்று வேணும்ல!

பைசா செலவில்லாத ஸ்டுடியோ ஒண்ணு எல்லார் வீட்டிலும் இருக்கு தெரியுமா? துணி பீரோ! ரெண்டு கதவையும் விரியத் திறந்து, தொங்குகிற புடவை, சட்டைகளுக்கு முன்னால் போனை வைத்து, அந்தத் துணிகளைப் பார்த்துப் பேசிப் பதிவு பண்ணுங்க. அப்புறம் ஹால் நடுவே நின்று ஒரு தடவை. ரெண்டையும் ஹெட்போனில் கேளுங்க. அம்மாவின் புடவைகள் எவ்வளவு சத்தத்தைக் குடிக்கின்றன என்று தெரியும்.

அப்படியும் ட்ரங்க் ரோடு அடங்காது. அதற்கு சுவர் இல்லை, கடிகாரம்தான் மருந்து. ரஹ்மான் ராத்திரிக் கோழி என்பது ஊரறிந்த விஷயம். பாடகர்களுக்கு நடுராத்திரியில் அழைப்பு போன கதைகள் ஏராளம். நமக்கும் அதேதான். பகலில் ஸ்டுடியோவாக முடியாத ஹால், ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டுடியோவாகலாம். காலேஜ் பஸ் ஆறே முக்காலுக்கு வருமே என்கிறீங்களா? அதனால்தான் நான் விடியற்காலை கோஷ்டி.

திண்ணை, பார்க், கொட்டகை

ரூமே இல்லாமல் கலக்கினவர்கள் லிஸ்ட் பெருசு. கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு இன்னமும் இருக்கிறது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார் ராமானுஜன். பேப்பர் வாங்கக் காசு கட்டுப்படியாகாது. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசியில் வந்த விடையை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்வார். 1913-ல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டுத்தான் தேற்றங்களுக்கு வருகிறார்!

அசோகமித்திரன் தெரியுமா? ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1966-ல் விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானவர். வீட்டில் வசதிப்படாமல் தி.நகர் நடேசன் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினவர். ஜெயகாந்தனுக்கு கே.கே.நகர் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகை. ஆனால் அது எழுதின இடம் என்பதைவிட, ஊரே கூடிப் பேசின இடம். ‘சபை’ என்றுதான் பேர். தனியாக உட்கார்ந்தால் ஐடியா வருகிற ஆளா, நாலு பேரோடு பேசினால் வருகிற ஆளா? நீங்க எந்த ஜாதகம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்க. ரெண்டாவது ரகம் என்றால், ரூமைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

சைடுல ஒரு சேதி. கரையான்சாவடி, கொஞ்சம் தள்ளி குமணன்சாவடி என்று இந்த ரோட்டில் ‘சாவடி’ ஊர்களாக வருதே, சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறுகிற பொது இடம். அதாவது யாருடைய ரூமும் இல்லாத, எல்லாருடைய ரூம்! இப்போ அந்த வேலையை எங்க ஏரியாவில் டீக்கடை பெஞ்சுகள் பார்க்கின்றன.

மாடி என்றதும் சிலருக்கு ஐடியா கிளம்பியிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி ரூம் ஒண்ணு எல்லாத் தெருவிலும் சும்மாத்தான் கிடக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் மதியம் அங்கே உட்கார்ந்தால் கவிதை வராது, ஆம்லெட் வரும். கான்கிரீட் தளமாக இருந்தால் இன்னொரு வில்லங்கம். பகல் முழுக்கக் குடித்த சூட்டை சாயங்காலத்துக்கு மேல்தான் நிதானமாக உள்ளே இறக்கும். ரெண்டுக்குமே விடியற்காலைதான் தோது. மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் ரெக்கார்டிங் கனவை மூட்டை கட்டிவிடலாம். ஒயர் தொங்கவிட ஆஸ்பெஸ்டாஸில் மட்டும் ஓட்டை போடாதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

பாத்ரூமில் எழுதியவர்

இதுவரைக்கும் சொன்ன பேர்களைத் திரும்ப ஒரு தடவை பாருங்க. எல்லாம் ஆம்பளைங்க! திண்ணையில், பார்க்கில், கொட்டகையில் உட்கார்ந்தவங்க எல்லாம் ஆம்பளைங்கதான். அந்த இடங்களில் மணிக்கணக்கா ஒரு பொண்ணு தனியா உட்கார்ந்திருந்தால் தெரு சும்மா விட்டிருக்குமா?

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 13 வயசோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டார் ஒரு பெண். வீட்டுக்குள்ளேயே வளர்ந்தார். கல்யாணத்துக்குப் பிறகு எழுதவும் எதிர்ப்பு. வீடு மொத்தமும் தூங்கிய பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே கவிதை எழுதினார். அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான். எழுதின தாள்களை ஒளித்துவைத்து, அம்மா வழியாக ரகசியமாக வெளியே அனுப்பினார். யார் எழுதினது என்று ஊருக்குத் தெரியக்கூடாதே! அதனால் புனைபெயர், சல்மா. 2000-ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது முதல் கவிதைத் தொகுப்பு ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’. 2004-ல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல். தலைப்பிலேயே நடுராத்திரி இருக்கு, பார்த்தீங்களா? 2001-ல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவி. 2013-ல் அவர் வாழ்க்கையை டாக்குமென்டரியாக எடுத்தார் பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாங்கினாட்டோ. 2025-ல் மாநிலங்களவை உறுப்பினர்.

‘அடடா, பாத்ரூமில் எழுதியே இவ்வளவு சாதிச்சிருக்காரே’ என்று சிலிர்த்துக்கொள்ள இந்தக் கதையைச் சொல்லவில்லை. அது கொடுமை பாஸ், இன்ஸ்பிரேஷன் இல்லை! எழுதினதைக் காப்பாற்ற ஒரு அம்மா கிடைத்ததால் சல்மா நமக்குக் கிடைத்தார். கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினது? பெண் எழுத வேண்டுமானால் வருஷத்துக்கு 500 பவுண்டு வருமானமும், பூட்டுப் போட்ட ஒரு அறையும் வேணும் என்று வர்ஜீனியா உல்ஃப் இங்கிலாந்தில் எழுதினது 1929-ல். அறையை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். பூட்டை மறந்துவிடுகிறோம்.

இதைப் படிக்கிற பசங்களுக்கு ஒரு கேள்வி. உங்க வீட்டில் இருக்கிற ஒரே டேபிள் யாருக்கு? ‘அண்ணன் இன்ஜினீயரிங் படிக்கிறான், அவனுக்கு இடம் கொடு’ என்று தங்கச்சியைக் கிளப்பிவிட்ட வீடுகள் எங்க தெருவிலேயே இருக்கு. நாம ‘எனக்குன்னு ஒரு இடம் இல்லை’ என்று பாட்டுப் பாடுகிற அதே வீட்டில், ‘எனக்குன்னு’ என்ற வார்த்தையைச் சொல்லவே கூச்சப்படுகிற ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். வரைவாள், பாடுவாள், எழுதுவாள். யாராவது உள்ளே வந்தால் நோட்டை மூடிவிடுவாள்.

வீட்டில் ஒரு எம்.ஓ.யூ!

ரூம் கேட்டால் ‘லோன் போட்டு நீயே கட்டிக்கோ’ என்பார் அப்பா. அதனால் ரூம் கேட்காதீங்க, நேரம் கேளுங்க. ‘தினமும் விடிகாலை நாலரை டூ ஆறு, ஹாலின் இந்த மூலை எனக்கு. அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது.’ பதிலுக்கு நீங்க என்ன தருவீங்க? தண்ணி கேன் தூக்குவது, பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப்போவது, ஒன்பதரைக்கு மேல் டி.வி. சத்தமாக ஓடினாலும் முறைக்காமல் இருப்பது. ஒரு வாரம் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் எட்டாம் நாள் உங்க மூலையில் யாரும் துணிமூட்டையைப் போட மாட்டாங்க. அப்படியே தங்கச்சிக்கும் ஒரு ஸ்லாட். அதே மூலை, வேற நேரம். ரெண்டு பேருமே கையெழுத்துப் போடுங்க.

மூலைகூட இல்லையா? பெட்டி! பழைய டிரங்குப் பெட்டியோ, பூட்டுப் போடுகிற எதுவோ. உங்க நோட்டு, கலர், ஒயர், பாதி எழுதின ஸ்கிரிப்ட் எல்லாம் அதில். உட்கார்ந்ததும் திறக்கணும், எழுந்ததும் மூடணும். யாரும் கேட்காமல் தொடக்கூடாது. ஃபர்ஸ்ட் இயரில் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸுக்கு வாங்கின டிராயிங் போர்டு கட்டிலுக்கடியில் தூசி பிடித்துக் கிடக்குமே, எடுத்துத் துடைச்சு மடியில் வையுங்க. முதல் தரமான டெஸ்க்! வலதுகைக்காரர்கள் லைட்டை இடதுபக்கம் வையுங்க, கை நிழல் பேப்பரில் விழாது. லேப்டாப் என்றால் ஜன்னலுக்கு முதுகையும் காட்டாமல், முகத்தையும் காட்டாமல் பக்கவாட்டில் உட்காருங்க, கண் கூசாது. சுவரில் மோட்டிவேஷன் போஸ்டர் ஒட்டுவது உங்க இஷ்டம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பாதியில் நிற்கிற வேலையைக் கண்ணெதிரே ஒட்டினால் அதுவே நம்மைப் பார்த்து முறைக்கும்.

வீட்டில் எதுவுமே நடக்காது என்கிறவர்களுக்கு, வெளியே வழி மெல்லத் திறக்கிறது. 2010-ல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உங்க சொந்தப் புத்தகம், நோட்டைக் கொண்டுபோய் உட்கார தனிப் பிரிவே இருக்கு. 2024 நவம்பரில் கொளத்தூரில் ஒரு இடம் திறந்தார்கள். ஒரு தளத்தில் படிக்கிற மாணவர்கள், இன்னொரு தளத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கினவர்கள் லேப்டாப்போடு. வீட்டில் இடம் இல்லாதவர்கள் சொற்பக் கட்டணத்தில் வந்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பேர் என்ன தெரியுமா? ‘முதல்வர் படைப்பகம்’. கிரியேட்டிவ் ஸ்பேஸுக்கு இதைவிட நல்ல தமிழ் கிடைக்குமா? சாவடிக்கு மாடர்ன் வெர்ஷன்!

கொளத்தூர் எங்களுக்குத் தூரம்தான். கரையான்சாவடிக்கு ஒரு படைப்பகம் வருகிற வரைக்கும் பீரோவே கதி. சாவி அம்மாகிட்டதான் இருக்கும், கேட்டு வாங்குங்க. பட்டுப்புடவை மேல மட்டும் மைக்கை வெச்சுடாதீங்க!